எட்டாயிரத்துக்கு மேல்

அந்த எஞ்சினைக் கட்டி முடிக்க ரேணுகாவுக்குப் பதினாறு வாரம் பிடித்தது. பதினான்கு வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனிக்கும் பெயிண்ட் கிடங்குக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஷெட் அவளுடையது. லாரி எஞ்சின்களுக்கு கிராங்க் தேய்த்துக் கொடுப்பதும் ஹெட் சமன் செய்வதும்தான் அன்றாட வேலை. வருடத்துக்கு இரண்டோ மூன்றோ ரேஸ் எஞ்சின் வரும். அவற்றை அவள் மட்டும்தான் தொடுவாள். லேத் மெஷினில் நிற்கும் தேவாவைக்கூடக் கிட்டே விடமாட்டாள்.

இந்த எஞ்சினைக் கொண்டுவந்தவர் ரகுநாதன். பூந்தமல்லியில் ஒரு அடுக்குமாடியின் பன்னிரண்டாவது தளத்தில் குடியிருக்கும் சாஃப்ட்வேர்காரர். சொந்த ஊர் மதுரைப் பக்கம். குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த 1971ஆம் வருடத்து எம்.ஜி. மிட்ஜெட் காரை வாங்கியிருந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். பக்கத்தில் நின்றால் இடுப்பு உயரம்தான் வரும். மாம்பழ மஞ்சள் நிறம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று நடக்கும் ரேஸில் அதை இறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கம்பெனியில் செய்தபோது நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டினாலே திணறிய எஞ்சின் அது. அவர் கேட்டது எட்டாயிரத்து அறுநூறு.

ஓட்டப்போவது ரேணுகாவின் கணவன் சரவணக்குமார். ஒரு டயர் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். பதினைந்து வருடமாக வாரக்கடைசிகளில் அடுத்தவர் காரில் ரேஸ் ஓட்டுகிறான். மூன்றாவதாக வந்திருக்கிறான், நான்காவதாக வந்திருக்கிறான், ஒரே ஒரு முறை இரண்டாவதாக. நாற்பத்தொன்று முடிந்துவிட்டது.

எட்டாயிரத்து அறுநூறு என்பது சொல்லச் சுலபமான எண். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு நூற்று நாற்பது தடவைக்கு மேல் உச்சிக்குப் போய், நின்று, திரும்ப வேண்டும். அந்த இழுப்பை எல்லாம் தாங்குவது பிஸ்டன்களோடு இணைந்த கனெக்டிங் ராடுகளைச் சுழலும் கிராங்க் தண்டோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள். ராடுக்கு இரண்டாக மொத்தம் எட்டு; ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. கிராங்க், ராடு, பிஸ்டன், கேம் எல்லாம் வந்துவிட்டன. இந்த எட்டு போல்ட்டு மட்டும் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்கள் ஏதோ ஒரு தாளை வைக்க மறந்துவிட்டார்கள். பார்சல் விமான நிலையச் சுங்கத்தோடு நின்றுவிட்டது. ரேஸுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

ரேணுகாவிடம் வேறொரு செட் இருந்தது. நல்ல போல்ட்டுதான். ஆனால் எட்டாயிரம் வரைக்கும்தான் அவற்றை நம்பலாம்.

ஷெட்டிலேயே இரண்டு ஆண்களையும் நிற்க வைத்துச் சொன்னாள். "ஏழாயிரத்து எண்ணூறு. அதுக்கு மேல ஒரு சுத்துகூடப் போகக் கூடாது. சரியான போல்ட்டு வந்ததும் பிரிச்சு மாத்தித் தரேன். அப்ப எட்டாயிரத்து அறுநூறு தரேன். இந்த ரேஸுக்கு இவ்ளோதான்."

"நீங்க சொன்னாச் சரிங்க மேடம்," என்றார் ரகுநாதன்.

சரவணன் காரின் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். "புரியுது ரேணு," என்றான்.

லேத் பக்கமிருந்து தேவா குரல் கொடுத்தான். "அண்ணாத்தே, நல்லாக் கேட்டுக்க. அப்பால ராடு பிச்சிகினு வெளிய வந்து நின்னா, ஒட்ட வெக்க எங்கையில பசை இல்ல."

மூவரும் சிரித்தார்கள். ரேணுகா சிரிக்கவில்லை. எட்டு போல்ட்டுகளின் நீளத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து, ஒன்று முதல் எட்டு வரை ஒரு அட்டையில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். பிறகுதான் மாட்டினாள்.

வேகத்துக்குக் கடிவாளம் போடுவது சோப்பு டப்பா அளவிலான ஒரு அலுமினியப் பெட்டி. குறித்த சுற்றைத் தொட்டதும் அது தீப்பொறியை நிறுத்தும். எஞ்சின் பட்பட்டென்று விக்கும். அந்த எண்ணை லேப்டாப்பில் இணைத்துத்தான் மாற்ற முடியும். ரகுநாதனின் லேப்டாப்பில் ரேணுகாவே 7800 என்று அடித்தாள்.

சனிக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் தகுதிச் சுற்று நடந்தது. பதினான்கு கார்கள். மஞ்சள் கார் மூன்றாவது இடம் பிடித்தது. முதலிடம் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு சிவப்புக் காருக்கு. நேர்ச்சாலையின் கோடியில், பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்னால், மஞ்சள் கார் ஒவ்வொரு சுற்றிலும் விக்கியது. டிராக்கோரம் கார்களைப் பழுது பார்க்கும் பிட் பகுதியின் சுவரருகே நின்ற ரேணுகாவுக்கு அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. பெட்டி வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் சரவணன் அதைத்தான் முதலில் சொன்னான். "கடைசி எண்பது மீட்டர்ல கட்டாவுது ரேணு. செவப்புக்காரன் அங்கதான் என்னை உட்டுட்டுப் போறான்."

"தெரியும்."

"ஒரு இருநூறு சுத்து மட்டும்..."

"இல்ல சரவணா."

அவன் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு முதல் ரேஸ். பத்துச் சுற்று. ரேணுகா வழக்கம்போலச் சுவரோரம் நின்றாள். வாகனத்துக்குள் பேச ரேடியோ கிடையாது. சொல்ல வேண்டியதைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். ரகுநாதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மூடிய லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்றில் எல்லாக் கார்களும் கும்பலாக வந்ததால் எதன் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. இரண்டாவது சுற்றில் கார்கள் சற்று இடைவெளி விட்டு வந்தன. சிவப்பு முதலில். அடுத்து ஒரு பச்சை. அதற்கு இரண்டு கார் தூரத்தில் மஞ்சள். அவளைத் தாண்டி நேர்ச்சாலையின் கோடியை நோக்கிப் போனது. விக்கலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

விக்கல் வரவில்லை.

சத்தம் நேற்று நின்ற இடத்தில் நிற்காமல் இன்னும் மேலே ஏறியது. அழுத்திப் பிடித்த ஊதல் போல மெலிந்து, கூர்மையாகி, அதன் பிறகுதான் பிரேக் பிடித்து இறங்கியது.

ஒருவேளை காற்றின் திசையாக இருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் பச்சைக் காரை அதே இடத்தில் மஞ்சள் கார் தாண்டியது. ரகுநாதன் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். இந்த முறை சந்தேகமே இல்லை. இருபது வருடமாக எஞ்சின் சத்தத்தோடு வாழ்கிறவளுக்கு மீட்டர் தேவைப்படவில்லை. எட்டாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

திரும்பினாள். ரகுநாதன் அவள் முகத்தைப் பார்த்ததும் கைதட்டுவதை நிறுத்தினார்.

"எவ்ளோ வெச்சீங்க?"

"மேடம், அது..."

"நம்பரைச் சொல்லுங்க சார்."

"எட்டாயிரத்து எழுநூறு."

நல்ல போல்ட்டு இருந்தால்கூட அவள் அந்த எண்ணை வைத்திருக்கமாட்டாள்.

"ஒரு ரேஸுக்குத்தானே மேடம். சேஃப்டிக்குன்னு நீங்க கொஞ்சம் குறைச்சு வெச்சிருப்பீங்கன்னு..."

"அவருக்குத் தெரியாம மாத்தினீங்களா?"

ரகுநாதன் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அவர்தாங்க மேடம் கேட்டாரு. காலைல நீங்க டயர் பார்த்துட்டு இருந்தப்ப."

பலகையை எடுத்தாள். இருந்த எழுத்துகளை உருவிப் போட்டுவிட்டு, உள்ளே வா என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் செருகினாள். ஓர் எழுத்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மாட்டினாள்.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். போல்ட்டு ஒன்று அறுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் வேறொருவர் கட்டிய எஞ்சினில் அதைப் பார்த்திருக்கிறாள். பிடி விட்ட ராடு எஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கொதிக்கும் எண்ணெய் முழுவதும் தரையில் கொட்டும். அதன் மேல் அந்தக் காரின் பின்சக்கரங்களே ஏறும். அன்று அந்த ஓட்டுநர் சுவரில் போய் மோதி, ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். அது மூடிய கார். இது கூரையில்லாதது. சரவணனின் தலைக்கு மேல் வளைந்த ஒரு இரும்புக் குழாய், அவ்வளவுதான்.

நான்காவது சுற்றில் வந்தான். சுவருக்கு மேல் எட்டிப் பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். ஹெல்மெட் லேசாக அவள் பக்கம் திரும்பியது. கார் வேகம் குறையாமல் போனது. கோடியில் மறுபடி அந்தக் கூரிய சத்தம்.

கவனிக்கவில்லையோ என்று நினைத்தாள். பச்சைக் காரைப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்திருப்பான். ஐந்தாவது சுற்றுக்கு இன்னும் முன்னால் போய், அவன் கண்ணுக்கு நேராக நின்றாள். இந்த முறை கையை ஆட்டவில்லை. பலகையை மார்புயரத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவன் பார்த்தான். பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. போய்விட்டான்.

ரேணுகா பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு அதிகாரிகள் இருந்த கட்டடத்தை நோக்கி ஓடினாள்.

ரேஸை நடத்தும் அதிகாரி அறுபதை நெருங்கும் மனிதர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கி டாக்கி. அவள் மூச்சிறைக்கச் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"பன்னெண்டாம் நம்பர் கார். நிறுத்துங்க சார்."

"எண்ணெய் ஒழுகுதா?"

"இல்ல."

"புகை வருதா? ஏதாவது தொங்குதா?"

"இல்ல சார். வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்கற போல்ட்டு அந்த வேகத்துக்கு உள்ளது இல்ல. லிமிட்டை மாத்திட்டாங்க."

"அப்ப நீங்களே போர்டு காட்டிக் கூப்பிடுங்கம்மா."

"ரெண்டு தடவை காட்டிட்டேன். வரல."

அவர் அவளைப் பார்த்தார். "ஓட்டறது யாரு, சரவணக்குமார்தானே? உங்க வீட்டுக்காரர்."

"ஆமா."

"வீட்டுச் சண்டைக்கெல்லாம் நான் கொடி காட்ட முடியாதும்மா. நல்லா ஓடிட்டு இருக்கற காரை நிறுத்தினா நாளைக்கு என்மேல புகார் வரும்."

வெளியே மஞ்சள் கார் கடந்து போகும் சத்தம் கேட்டது. ஆறாவது சுற்று. அது கோடியைத் தொடும்வரை ரேணுகா பேசவில்லை. சத்தம் உச்சிக்குப் போய் இறங்கியதும் சொன்னாள்.

"சார், பின்னாடி பன்னெண்டு வண்டி வருது. அது உடைஞ்சா நேர்ச்சாலை முழுக்க எண்ணெய்தான். நுழைவுத் தாள்ல எஞ்சினியர்னு என் பேர்தான் இருக்கு. கட்டினது நான். இது பாதுகாப்பு இல்லன்னு நான் எழுதித் தரேன். உங்களுக்கு வேற என்ன வேணும்?"

அவர் குறிப்பேட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். நான்கு வரி எழுதினாள். கையெழுத்துப் போடும்போது பேனா ஓரிடத்தில் தாளைக் கிழித்தது. அவர் படித்துவிட்டு வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

ஏழாவது சுற்றின் முடிவில் கொடி மேடையில் கறுப்புக் கொடியை நீட்டினார்கள். நடுவில் ஆரஞ்சு வட்டம், பக்கத்தில் பன்னிரண்டு என்ற எண். காரில் கோளாறு, உடனே உள்ளே வா என்று அதற்குப் பொருள். அந்த நேரத்தில் மஞ்சள் கார் சிவப்புக் காரின் வாலைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நேர்ச்சாலையில் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் போயின. ரேணுகா கட்டடத்தின் படியில் நின்று பார்த்தாள். இதையும் மீறுவானா? மீறினால் லைசென்ஸ் போகும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மீறுவானோ என்று இன்று அவளால் சொல்ல முடியவில்லை. பதிமூன்று வருடக் கல்யாணத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

அடுத்த இரண்டு நிமிடம் மெதுவாகப் போனது. மரங்களுக்குப் பின்னால் சத்தம் ஏறி இறங்கியது. கடைசி வளைவில் சிவப்புக் கார் தெரிந்தது. அதன் பின்னால் மஞ்சள். சிவப்பு நேராகப் போனது. மஞ்சள் கார் இடப்பக்கம் ஒதுங்கி, வேகம் குறைந்து, பிட் பாதைக்குள் நுழைந்தது.



ரேணுகா படியிறங்கி வருவதற்குள் சரவணன் எஞ்சினை அணைத்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ரகுநாதன் காரைச் சுற்றி நடந்தார்.

"ரெண்டே சுத்துதான் பாக்கி மேடம். ரெண்டே ரெண்டு. புகை இல்ல, சத்தம் இல்ல, டெம்பரேச்சர் நார்மல். நீங்களே பாருங்க."

"ரெண்டாவது ரேஸுக்கும் இது ஓடாது சார்."

"கார் என்னோடது மேடம்."

"ஆமா. உங்களோடதுதான். ஆனா எழுதிக் குடுத்துட்டேன். இனிமே நீங்க கேட்டாலும் இன்னிக்கு உள்ள விடமாட்டாங்க."

சரவணன் காரிலிருந்து எழுந்து வெளியே வந்தான். அவளைத் தாண்டிப் போய், வேனின் பின்கதவைத் திறந்து, காரை ஏற்ற வேண்டிய பலகைகளை எடுத்துப் போட ஆரம்பித்தான்.

ரகுநாதன் தன் காரில் முன்னால் போய்விட்டார். வேனை சரவணன் ஓட்டினான். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தது. ஒரு கிடங்கு வாசலில் நின்ற கண்டெய்னர் லாரியால் கொஞ்ச நேரம் தாமதம். பூந்தமல்லியில் ஆவடி ரோட்டுக்குத் திரும்பும்போது சிக்னலில் அவன் வாய் திறந்தான். "முந்தியிருப்பேன் ரேணு." அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு விழுந்தது.

வெள்ளானூரில் வீட்டு வாசலிலேயே மகள் சௌம்யா காத்திருந்தாள். பதினொரு வயது. "அப்பா, எத்தனாவது?"

"முடிக்கலடா. அம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க."

சௌம்யா அம்மாவைப் பார்த்தாள். ரேணுகா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தத்தில் அழுதாள். அவன் உயிர் போய்விடுமோ என்ற பயத்தை இரண்டு மணிநேரமாக அடக்கி வைத்திருந்தாள். இப்போது இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. நாளை பிரித்துப் பார்க்கும்போது எட்டு போல்ட்டும் நன்றாக இருந்தால்?

திங்கட்கிழமை பத்து மணிக்கு ரகுநாதன் ஷெட்டுக்கு வந்துவிட்டார். விடுப்பு போட்டிருந்தார். சரவணன் கூப்பிடாமலே வந்து, பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். தேவாவும் ரேணுகாவும் எஞ்சினை வெளியே இறக்கித் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியதும் கிராங்க் பளபளவென்று தெரிந்தது.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு," என்றார் ரகுநாதன்.

"பார்த்தா எல்லாம் நல்லாத்தான் கீது சார்," என்றான் தேவா. "அளந்தாத்தான் அதும் கதை தெரியும்."

ரேணுகா விளக்கினாள். இறுக்கும்போது போல்ட்டு ரப்பர் மாதிரி ஒரு துளி நீளும். கழற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அதன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அலமாரிக் கதவைத் திறந்து வைத்தாள். அட்டையில் எட்டு எண்கள் இருந்தன.

முதல் ராடின் இரண்டு போல்ட்டையும் கழற்றித் துடைத்து, ஆற விட்டு, அளந்தாள். எழுதியிருந்த நீளமேதான். தேவா படித்துக் காட்டினான். இரண்டாவது ராடு. மூன்றாவது போல்ட்டு, நான்காவது, அதே நீளம். ரகுநாதன் கைகளைக் கட்டிக்கொண்டார். சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ராடு. ஐந்தாவதும் சரி. ஆறாவதும் சரி.

வெளியே மோல்டிங் கம்பெனியின் மெஷின் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எட்டும் சரியாக இருந்தால் இந்த மனிதர் கேட்கப்போகும் கேள்விக்கு ரேணுகாவிடம் பதில் இல்லை. சரவணனும் கேட்கலாம். கேட்காமல் வாழ்நாள் முழுவதும் மனதில் வைத்திருக்கவும் கூடும்.

ஏழாவது போல்ட்டைக் கழற்றும்போதே ரெஞ்சில் வித்தியாசம் தெரிந்தது. வழக்கமான இறுக்கம் இல்லை. துடைத்தாள். மைக்ரோமீட்டரில் வைத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை அளந்தாள். பிறகு தேவாவிடம் நீட்டினாள். அவன் அளந்து பார்த்து அட்டையைப் பார்த்தான்.

"ஏழு பாயிண்ட் நீண்டுக்கினு கீது ரேணும்மா."

நூறில் ஏழு பங்கு மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன். எட்டாவது நான்கு பாயிண்ட் நீண்டிருந்தது. நான்காவது ராடுக்கும் கிராங்குக்கும் நடுவே இருந்த பேரிங்கைக் கழற்றியபோது, பிடி தளர்ந்ததில் வெள்ளைப் பூச்சு தேய்ந்து அடியில் செம்பு தெரிந்தது.

ரகுநாதன் அந்தப் போல்ட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "இன்னும் எத்தனை சுத்து தாங்கியிருக்கும் மேடம்?"

"தெரியாது சார். அடுத்த சுத்துலயே போயிருக்கலாம். மிச்சம் ரெண்டு சுத்தும் முடிச்சு ஜெயிச்சுகூட இருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் போல்ட்டை உள்ளங்கையில் உருட்டினார். "எனக்கு அது ஒரு நம்பர்தான் மேடம்," என்றார் கடைசியில். "ஆபீஸ்ல தினம் ஆயிரம் நம்பர் மாத்தறேன். தப்பா வந்தா திரும்பப் பழைய நம்பரைப் போட்டுடுவோம். அந்தப் பழக்கத்துல..." வாக்கியத்தை முடிக்காமல் போல்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பார்சல் வந்ததும் போன் செய்வதாகச் சொல்லிப் போனார்.

தேவா டீ வாங்கி வருவதாக வெளியே போனான். அவன் வேண்டுமென்றே போகிறான் என்று இருவருக்கும் தெரிந்தது.

"போர்டைப் பார்த்தேன்," என்றான் சரவணன்.

"தெரியும்."

"ரெண்டு தடவையும்."

"அதுவும் தெரியும்."

"பச்சைய முந்தினதும் எனக்கு வேற எதுவுமே தோணல ரேணு. இந்தத் தடவை ஜெயிச்சுடுவேன்னு மட்டும்தான் இருந்துச்சு. நீ நின்னது தெரிஞ்சுது. பார்க்காத மாதிரி போயிட்டேன்."

"லிமிட்டை மாத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

அவள் ஏழாவது போல்ட்டை எடுத்துத் துணியில் சுற்றினாள். "என் புருஷன் உக்கார்ற வண்டின்னு இதை ஒவ்வொரு நட்டா நான் கட்டினேன். நான் டயர் பார்க்கற நேரமாப் பார்த்து நீ அந்த ஆளோட சேர்ந்துக்கிட்டு நம்பரை மாத்தினே. ராடு உடைஞ்சிருந்தா நான் கட்டின எஞ்சின்ல நீ செத்திருப்ப. சௌம்யாகிட்ட நான் என்ன சொல்லியிருப்பேன்?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். அருகே போகவில்லை. தேவா டீயோடு வந்தான். மூவரும் நின்றபடியே குடித்தார்கள். அன்று மாலை சரவணன் சௌம்யாவை உட்கார வைத்து, தான் என்ன செய்தான் என்பதை மறைக்காமல் சொன்னான். அடுப்படியில் இருந்த ரேணுகாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பார்சல் மூன்று வாரம் கழித்து வந்தது. ரகுநாதனும் வந்தார். தீப்பொறியை நிறுத்தும் பெட்டிக்குக் கடவுச்சொல் போட்டு அதை ரேணுகா மட்டும் வைத்துக்கொள்வது என்று அவரே சொன்னார். வேறு ஓட்டுநர் வேண்டுமானால் பார்க்கலாம் என்றும் இழுத்தார். அவள் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. சரவணனும் கேட்கவில்லை. எட்டாவது நாள், புது பேரிங், புது போல்ட்டு எல்லாம் மாட்டி முடித்த பிறகு, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அடுத்த ரவுண்டுக்கு நீயே ஓட்டு. போர்டைக் காட்டினா உள்ள வரணும். ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

"வரேன்," என்றான்.

பிப்ரவரியில் அடுத்த ரவுண்டு. காலையில் காரை வரிசையில் நிறுத்துவதற்கு முன் ரேணுகா குனிந்து கேட்டாள். "எவ்ளோ?"

"எட்டாயிரத்து அறுநூறு. நேத்து நீ வெச்சதுதான். யாரும் தொடல."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் லேப்டாப்பை வாங்கி, வயரைச் செருகி, கடவுச்சொல்லை அடித்து எண்ணைப் பார்த்தாள். 8600. அவன் காருக்குள்ளிருந்து அவள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வயரை அவள் சுற்றி எடுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தான்.

அன்று பத்துச் சுற்றும் ஓடினான். எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் நேர்ச்சாலைக் கோடியில் எட்டாயிரத்து அறுநூறைத் தொட்டு, விக்கி, இறங்கியது. ஒன்பதாவது சுற்றில் சிவப்புக் காரை உள்பக்கமாக முந்தினான். கடைசி வளைவில் சிவப்புக் கார் மறுபடி முந்தியது. ஒரு கார் நீளத்தில் இரண்டாவதாக வந்தான்.

உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வியர்வை. ரகுநாதன் அவனைக் கட்டிக்கொண்டார். ரேணுகா எஞ்சின் மூடியைத் திறந்து, எங்காவது கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்கா ஓடுச்சு ரேணு," என்றான் பக்கத்தில் வந்து. "நீ சொன்ன மாதிரியே."

"நாளைக்குப் பிரிச்சுப் பார்க்கணும்," என்றாள்.

"நானும் வரேன்."

அவள் டார்ச்சை அவன் கையில் கொடுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் காட்டச் சொன்னாள்.